மொதப் பூவுலயே எந்திரிச்சுப் போனேன்

என்ற கொழுந்தனாரு, அதாவது காலமாயிட்ட என்ற ஊட்டுக்காரரோட தம்பி, பூக்கேக்காம ஒண்ணுஞ் செய்யமாட்டாருங்க. எங்க கெழக்குப் பாலக்காட்டுப் பக்கம் மாரியாத்தா கோயல்ல பூக்கேக்கறது வழக்கம். பூசாரி செலைய நனைச்சு, ரண்டு தோள்லயும் ஒவ்வொரு பூவ ஒட்ட வெப்பாரு. கேக்கறதக் கேட்டுப்போட்டு நிக்கோணும். வலப்பக்கத்துப் பூ மொதல்ல உழுந்தா 'செய்யி'ன்னு உத்தரவு. இடப்பக்கத்துப் பூ உழுந்தா 'வேண்டாம்'. அவ்வளவுதான் சட்டம். ரண்டாங்கிளாஸத் தாண்டாத எனக்கே புரியுது.

போர் போடறதுக்குப் பூ. மாடு விக்கறதுக்குப் பூ. கக்கூஸு எந்த மூலைல கட்டறதுன்னு அதுக்கும் ஒரு பூ. ஆத்தா பாவம், மூக்கப் புடிச்சுக்கிட்டுத்தான் உத்தரவு குடுத்திருப்பா. பல்லு வெளக்கறதுக்கு மட்டும் மனுசன் கேட்டதில்ல. அதனால அத அவ்வளவா செய்யறதுமில்ல.

அதாச்சும் போகட்டும். அந்தாளு ஒருக்காக் கேட்டு நிறுத்தமாட்டாரு. தனக்குப் புடிச்ச பக்கம் பூ உழுகற வரைக்கும் கேப்பாரு. மகள அகளிப் பக்கம் ஒரு வாழத்தோட்டக்காரங்க ஊட்டுக்குக் குடுக்கலாமான்னு கேட்டப்ப, மொதப் பூ இடப்பக்கம். அடுத்ததும் இடப்பக்கம். "தண்ணி எச்சாப் போச்சு பூசாரி, தொடைச்சு வெய்யி"ன்னாரு. மூணாவது வலப்பக்கம் உழுந்துது. மேளத்துக்குச் சொல்லிப்போட்டாங்க.

அப்பறம் புருசன் குடிக்கறான், கைய ஓங்கறான்னு புள்ள அழுகும்போதெல்லாம், "சாமி உத்தரவு குடுத்த எடம் கண்ணு, பொறுத்துக்க"ம்பாரு. தான் செஞ்ச கூத்துக்கு ஆத்தாள ஜாமீன் கையெழுத்துப் போட வெக்கற ஆளு.

போன மழைக்காலத்துல ஒரு நாள் வெள்ளென மாட்டுக்குத் தவுடு கலக்கீட்டு இருக்கறேன், அந்தப் புள்ளகிட்ட இருந்து போனு. "பெரீம்மா, வலக்கைய முறுக்கிப்போட்டாரு. மணிக்கட்டு வீங்கி நீலமாக் கெடக்குது. ஆசுபத்திரிக்குப் போறேன்னாலும் தாட்டமாட்டேங்கறாங்க. யாராச்சும் வந்து என்னயக் கூட்டீட்டுப் போங்க. இல்லாட்டி நான் உசுரோட இருக்கமாட்டேன்." அதோட வெச்சுட்டா.

பக்கத்தூடுதான் கொழுந்தனாரூடு. தவுட்டுக் கையோட ஓடிப்போய்ச் சொன்னேன். புள்ளையப் பெத்தவ, என்ற ஓரகத்தி, முந்தானைல வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா. இவரு எந்திரிச்சுச் சட்டையப் போட்டாரு. பரவால்லயே, மனுசனாயிட்டாரேன்னு பாத்தா, கோயலுக்குக் கெளம்பறாரு.

"ஏனுங்க அண்ணி, கேட்டுப்போட்டுத்தான குடுத்தோம்? கேக்காமக் கூட்டியாந்தாத் தப்பாயிருமுங்க."

"தப்பு ஆகி ரண்டு வருசமாச்சுங்க"ன்னேன். காதுல வாங்கல. நானும் பின்னாலயே போனேன்.

கோயல்ல பூசாரி செலைய நனைச்சுப் பூவ வெச்சாரு. "மகளக் கூட்டியாரட்டுமா ஆத்தா?"ன்னு கொழுந்தனாரு கேட்டாரு. வாய மூடறதுக்குள்ள வலப்பக்கத்துப் பூ உழுந்துருச்சுங்க. அந்த வேகத்துக்கு ஆத்தா யாருக்கும் பதில் சொல்லி நான் பாத்ததில்ல. என்னய யாரோ முதுகுல கைய வெச்சு 'எந்திரி'ன்னு தள்ளுனாப்ல இருந்துது.

கொழுந்தனாரு மூஞ்சி சுண்டிப்போச்சு. "பூசாரி, பூ சரியா ஒட்டல போல. இன்னொருக்கா வெச்சுப் பாக்கலாமா?"

"ஏனுங்க, ஆத்தா சொன்னது காதுல உழுகலீங்களா?"

"உழுந்துதுங்க அண்ணி. ஒரு உறுதிக்குத்தான்."

"உறுதிக்கு வில்லேஜ் ஆபீஸ்ல சீல் போட்டுக் குடுக்கோணுமா ஆத்தா?"

பூசாரி, "இன்னொரு பூ வெக்கறதுல என்னங்கம்மா போச்சு?"ன்னு மறுக்காத் தண்ணி ஊத்துனாரு. அங்க ஒருத்தி கை ஒடிஞ்சு கெடக்கறா, இங்க ரண்டு ஆம்பளைங்க செலையக் குளிப்பாட்டீட்டு நிக்கறாங்க. நான் செருப்பப் போட்டுக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டேன்.

அகளிச் சந்தைக்கு எங்கூரு தேங்கா லோடு வண்டி ஒண்ணு கெளம்பி நின்னுது. டிரைவருகிட்ட வெவரத்தச் சொல்லி ஏறி உக்காந்தேன். மலையேறும்போதுதான் ரோசனை வந்துச்சு. எனக்கொண்ணும் பெரிய பக்தியில்லீங்க. வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கறதே மருமக ஞாபகப்படுத்துனாத்தான். அங்க போயி என்ன பேசறது, அவிய புள்ளைய எங்கூடத் தாட்டாட்டி என்ன பண்றது, ஒண்ணுந் தெரியாது. ஆத்தா 'போ'ன்னா. மிச்சத்த அவ பாத்துக்குவான்னு நம்பித்தான போறோம்? எல்லாந் தெரிஞ்சப்பறந்தான் கால எடுப்பேன்னா, அதுக்குச் சாமி எதுக்கு, பஸ்ஸு டைம் பாத்தாப் போதுமே. இப்படித் தைரியம் சொல்லிக்கிட்டேன்.

லோட எறக்கிப்போட்டு டிரைவரு வண்டியத் தெருமொனைல நிறுத்திக்கிட்டாரு. வாசல்ல மாமியாக்காரி. புருசங்காரன் சந்தைக்குப் போயிருந்தான்.

"யாருங்க தாட்டியுட்டது?"

"மாரியாத்தா."

வெளையாட்டுன்னு நெனச்சு அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன். காப்பி குடிக்கறீங்களான்னா. அப்பத்தான் எனக்கு வழி தெரிஞ்சுது.

"சக்கரை வியாதிங்க. சுக்குக் காப்பின்னாக் குடிப்பேன். சுக்க நல்லா மசிய இடிச்சுப் போடோணுமுங்க, கட்டியாக் கெடந்தா எனக்கு இருமல் வந்துரும்."

உள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுது. கதவோரம் வந்து நின்ன புள்ளைக்குக் கண்ணக் காட்டுனேன். ஒரு பையத் தோள்ல மாட்டிக்கிட்டுச் செருப்புக்கூடப் போடாம வந்தா. வண்டில ஏறி உக்கார்ற வரைக்கும் இடிக்கற சத்தம் நிக்கலீங்க. எனக்கொண்ணும் சக்கரையுமில்ல, இருமலுமில்ல.

வர்ற வழில ஆசுபத்திரில கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டு, பொழுதெறங்க ஊரு வந்து சேந்தோம். கொழுந்தனாரு அவரூட்டு கேட்டுக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு.

"அண்ணி, நீங்க அவசரப்பட்டுட்டீங்க. ரண்டாவது பூ இடப்பக்கம். மூணாவதும் இடப்பக்கம். கூட்டியார வேண்டாம்னு உத்தரவாயிருச்சுங்க."

புள்ள எறங்காம வண்டிக் கம்பிய இடக்கையால புடிச்சுக்கிட்டா. பெத்தவரு கண்ணுக்குக் கட்டுத் தெரியல, பூவுதான் தெரியுது. வாய் நெறைய வசவு வந்துச்சுங்க, முழுங்கிக்கிட்டேன். அந்தாளு பாசையிலயே பேசுனேன்.

"கூட்டியார வேண்டாம்னுதான உத்தரவு? கூட்டியாந்தாச்சே. இனித் திருப்பித் தாட்டறதுக்கு அது செல்லாதுங்க. அதுக்குத் தனியாக் கேக்கோணும்."

ரோசனை பண்ணுனாரு. நெசமாலுமே ரோசனை பண்ணுனாருங்க! "அதுவுஞ் செரிதான்"னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கோயலுக்கு நடந்தாரு. அவரு தலை மறைஞ்சதும் ஓரகத்தி ஓடியாந்து புள்ளையக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

நான் ரண்டு பேரையும் என்ற ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போயிட்டேன். வலக்கைல கட்டுங்கறதால பெத்தவளே சோத்தப் பெசைஞ்சு ஊட்டுனா. ரண்டு வாய் உண்டுபோட்டுப் புள்ள கேட்டா: "பெரீம்மா, அப்பா வந்து போகச் சொன்னா?"

"உங்கப்பன் கேட்டு முடிக்கறதுக்குள்ள உனக்குக் கையே கூடிரும். நீ உண்ணு."

கையும் கூடிருச்சு. இப்ப பால் சொசைட்டிக்கு வேலைக்குப் போறா. படுக்கறது என்ற ஊட்டுலதான். கொழுந்தனாரு ஊரெல்லாம் என்ன சொல்றாருன்னு கேளுங்க: "ஆத்தா உத்தரவு வாங்கித்தான் மகளக் கூட்டியாந்தேன்." போன வாரம் அத என்ற மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. புள்ள பால் பாத்திரத்தக் கீழ வெக்காமயே, "நீங்க எங்க வந்தீங்கப்பா?"ன்னு கேட்டுப்போட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா.