ஏழாம் சாட்சியின் வாக்குமூலம்

சுகாதாரத் துறையில் இருபத்திரண்டு வருடமாகச் சுருக்கெழுத்தாளராக இருந்த அந்த அம்மாவுக்கு அலுவலகத்தில் ‘டேப் ரெக்கார்டர்’ என்று பெயர். கூட்டத்தில் யாராவது தும்மினால்கூட அவர் குறிப்பில் இருக்கும்.

மின்சிகரெட்டைத் தடை செய்வதா, கட்டுப்பாட்டோடு விற்கவிடுவதா என்று ஆராய அரசு ஒரு குழு அமைத்திருந்தது. வழக்கமாகக் குறிப்பெடுப்பவருக்குக் காய்ச்சல் வந்ததால் விசாரணைக்கு இவரை அனுப்பினார்கள்.

“பிள்ளைங்க மிட்டாய் மாதிரி நினைச்சு இழுக்குதுங்க!” என்று நுரையீரல் டாக்டர் மேசையைத் தட்டினார்.

“சிகரெட்டை விட முடியாதவனுக்கு இது பரவாயில்ல. இதைத் தடுத்தா பழையபடி சிகரெட்டுக்குத்தான் போவான்” என்றார் இன்னொரு டாக்டர்.

“இருபது வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

இருவருக்கும் தெரியவில்லை. அதையும் அம்மா எழுதிக்கொண்டார்.

அடுத்து ஏழாம் சாட்சியைக் கூப்பிட்டார்கள். தேய்த்த சட்டையோடு வந்து நின்றவர், அம்மாவின் கணவர்; பேருந்து ஓட்டுநர். குழுத் தலைவரையே பார்த்தபடி வந்ததால், மூலையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த மனைவியை அவர் கவனிக்கவில்லை.

“முப்பது வருஷம் சிகரெட் பிடிச்சவன் ஐயா நான். இப்ப ரெண்டு வருஷமா தொடல. எல்லாம் இந்தக் கருவியாலதான். மாம்பழ வாசனை.”

“வீட்ல ஒண்ணும் சொல்லலையா?”

“அவ, நான் எல்லாத்தையும் அடியோட விட்டுட்டேன்னு நெனச்சிட்டிருக்கா. குளியலறையில இழுத்துட்டு, வாசனை ஷாம்புன்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன்.”

அரங்கம் சிரித்தது. அம்மாவின் பென்சில் முனை முறிந்தது. வேறொன்று எடுத்தார்.

சிரிப்புச் சத்தத்தில் தலைவருக்குப் பாதி கேட்கவில்லை. “கடைசியா சொன்னதைக் கொஞ்சம் படிங்கம்மா.”

அம்மா எழுந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார்: “வாசனை ஷாம்பு என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.”

குரல் கேட்டுத் திரும்பிய ஓட்டுநரின் முகத்தில் ஈயாடவில்லை.

“இப்படி வீட்டுக்குத் தெரியாம எத்தனை நாள் ஓட்டுவீங்க?” என்றார் தலைவர்.

“இனிமே ஓட்ட முடியாதுங்க. தெரிஞ்சுபோச்சு.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அம்மா, “சிகரெட்டை விட்டதாவது நிஜமா?” என்று கேட்டார்.

“சத்தியமா.”

“அப்ப பால்கனியில போய் இழுங்க. எனக்குப் பொய்தான் ஆகாது.”

எட்டு மாதம் கழித்து விதிகள் வந்தன: கடைக்கு உரிமம் வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, பழ வாசனை அறவே கூடாது. தட்டச்சு செய்தது அம்மாதான்.

“வெறும் ஆவியை இழுக்கிறதுக்கு இட்லிப் பானையைத் திறந்து முகத்தைக் காட்டலாம்” என்று கணவர் ஒரு மாதம் முணுமுணுத்தார். அடுத்த மாதம் சார்ஜ் போட மறந்தார். அதற்கடுத்த மாதம் கருவியை எங்கே வைத்தோம் என்பதே மறந்துவிட்டது. அது இருக்கும் இடம் அம்மாவுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.