ஆலங்குளத்து மோட்டார்களும் என் பெயரும்

குரல் பதிவுக்கு என்னை உட்கார வைத்த முதல் நாள் நான் கேட்ட ஒரே கேள்வி, "கதவைச் சாத்திக்கிடலாமா சார்?" என்பதுதான். ஆள் பார்க்கப் பேச எனக்கு வராது.

தென்காசியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீசில் கூட்டித் துடைத்து, டீ போட்டுக்கொண்டிருந்தேன். வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போனில் போட, நிறுத்த ஒரு ஆப் செய்து விற்றார்கள். அதற்குள் ஹெல்ப் பக்கங்கள் உண்டு. விவசாயிகள் அதைப் படிக்காமல் நேராக ஆபீசுக்குப் போன் போட்டார்கள். அதனால் பக்கத்துக்கு ஒரு ஆடியோ ஃபைல் சேர்ப்பது என்று முடிவானது. முதலில் சென்னையில் ஒரு பெண்ணைப் பேசவைத்துப் போட்டார்கள். ஆலங்குளத்து அண்ணாச்சி ஒருவர், "நியூஸ் வாசிக்க மாதிரில்லா இருக்கு, பாதியிலேயே அமத்திட்டேன்" என்றார். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் எழுத்துக் கூட்டிப் படித்தால் விவசாயிக்கு ஏற்ற வேகம் வரும் என்பது எங்கள் மேனேஜரின் கண்டுபிடிப்பு.

எனக்கு முழங்கால் போயிருந்தது. மாடிப்படி ஏறித் துடைக்க முடியவில்லை.

"இது சரியா வந்தா உக்காந்த வேலை ஆச்சி. வரலைன்னா துடைக்கதுக்கும் வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார் மேனேஜர். அன்பாகத்தான் சொன்னார்.

ஸ்டோர் ரூமில் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி மைக் வைத்தார்கள். குற்றாலத்தில் சீசன். ஊரே சாரலுக்கு ஏங்க, நாங்கள் மட்டும் தகரக் கூரையில் அது எப்போது நிற்கும் என்று காத்திருந்து பதிவு செய்தோம்.

மோட்டாரை ஆப்பில் பதியும் பக்கத்தில், 'பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரை அடிக்கவும். உதாரணம்: சுடலைமுத்து' என்று இருந்தது. நான் நின்றுவிட்டேன்.

ஃபைல்களை வெட்டி ஏற்றும் செல்வி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "சார், அது ஆச்சி வீட்டுக்காரர் பேரு. சொல்ல மாட்டாவ."

"அவரு என்ன இங்கனயா இருக்காரு? அச்சன்புதூர்ல வயல்ல நிக்காரு. சும்மா சொல்லுங்க ஆச்சி" என்றார் மேனேஜர்.

"வாயி வர மாட்டேங்கு சார்."

"அப்ப ஒங்க பேரையே சொல்லித் தொலைங்க."

"உதாரணத்துக்கு, இசக்கியம்மாள்னு அடிங்க" என்றேன். ஃபைல் ஏறியது.

சில வாரத்தில் ஆலங்குளத்திலிருந்து எங்கள் ரிப்பேர்காரர் போன் போட்டார். "சார், ரிப்பேருன்னு வாரது பூரா இசக்கியம்மாள் பேருல வருது. நான் எந்த வயலுக்குப் போவ? பாதி ஊர ஒரு பொம்பளைக்கா எழுதி வச்சிருக்காங்க?"

செல்வி திறந்து பார்த்தாள். வரிசையாக என் பெயர். யாரும் சொல்லாமலேயே நான் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மேனேஜர் அதே ஆலங்குளத்து அண்ணாச்சியை ஸ்பீக்கரில் பிடித்தார். "அண்ணாச்சி, ஒங்க பேர அடிக்காம எதுக்கு இசக்கியம்மாள்னு அடிச்சிய?"

"அந்த ஆச்சி அடிங்கன்னாவ, அடிச்சேன். வயசானவ சொல்லுதத தட்டலாமா?"

"முன்ன ஒரு பொண்ணு சுடலைமுத்துன்னு சொல்லிச்சே, அத அடிக்கலியே?"

"அத எவன்வே கேட்டான்?"

மேனேஜர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "துடைப்பத்த வச்சிட்டு உள்ள வாங்க ஆச்சி. அந்த ஃபைல மாத்திப் பேசணும்."

புதிய ஃபைலில் உதாரணம் கிடையாது. முன்பே அடித்தவர்கள் மட்டும் மாற்றவில்லை. மோட்டார்தான் ஓடுகிறதே, பிறகு எதற்கு மாற்ற?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யாரும் கேட்காத குரலில் எத்தனை உதாரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆபத்தில்லை. கேட்கிறார்கள் என்று தெரிந்தால் யோசித்துச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் வயல், கிணறு, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் அவர் பேரில்தான். ஆலங்குளம் பக்கம் மட்டும் விடிந்ததும் இசக்கியம்மாளின் மோட்டார்கள் தண்ணீர் இறைக்கின்றன. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.