ஜிப் இல்லாத பைகள்

அந்தப் பள்ளிப் பை தொழிற்சாலையில் அவளுக்குக் கறாரக்கா என்று பெயர். புது நூல்கண்டு கேட்டால், தீர்ந்துபோன கண்டின் அட்டையைக் காட்டு என்பாள். பதினாறு வருடமாகத் துணி, வார், ஜிப் எல்லாம் வாங்கிப் போடுவது அவள் வேலை. அவளைப் பிடிக்கும் என்று சொல்ல அந்தக் கூரையின் கீழ் ஓர் ஆள் இல்லை. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. அதிலும் தையல் பிரிவை மேய்க்கும் சூப்பர்வைசரைக் கண்டாலே ஆகாது. அவன் அவள் கொழுந்தன். ஒரே வீட்டில் மாடி அவனுக்கு, கீழ்த்தளம் அவளுக்கு.

ஜிப் மட்டும் கடல் தாண்டி வந்தாகவேண்டும், அதுவும் ஒரே ஆலையிலிருந்து. “இன்னொரு இடத்துலயும் கொஞ்சம் வாங்கி வைப்போம் சார்” என்று போன வருடமே அவள் எழுதிக் கொடுத்தாள். முதலாளி அந்தத் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். அவள் கண் எதிரிலேயே.

இந்த வருடம் கப்பல் புறப்பட்ட நாலாம் நாள் நடுக்கடலில் புயல். வழியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒதுங்கிவிட்டு, இருபத்தெட்டாம் தேதி வரவேண்டிய கப்பல் அடுத்த மாதம் மூன்றாம் தேதி வந்தது. முதல் தேதியே ஒரு புது உத்தரவு அமலுக்கு வந்திருந்தது: வெளிநாட்டு ஜிப் எதுவாக இருந்தாலும் தரச் சான்றிதழ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

அவள் துறைமுகத்துக்குப் போய் நின்றாள். சுங்க அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“முன்னாடியே வந்திருக்க வேண்டிய கப்பல் சார். புயல் அடிச்சா நாங்க என்ன பண்றது?”

“புயலுக்குன்னு தனியா விதி எழுதலம்மா.”

“சான்றிதழுக்கு எத்தனை நாளாகும்?”

“அந்த ஆலைக்கே ஆள் போய்ப் பாக்கணும். மூணு மாசம், நாலு மாசம்.”

“அதுக்குள்ள பள்ளிக்கூடம் திறந்துடும்!”

“அதை என்கிட்ட வந்து சொல்றீங்களே.”

அவள் திரும்பி வந்தபோது, வாயைப் பிளந்த பைகள் சுவரோரம் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்திருந்தார்.

“வெளிய பாருங்க, வெயில் மண்டையைப் பொளக்குது. இந்தம்மா புயல்னு கதை விடுது. ஜிப் வர்ற வரைக்கும் யாருக்கும் வேலை கிடையாது. ஏன்னு இவங்களையே கேட்டுக்கங்க.”

நூற்றிருபது பேர் அவளை முறைத்தார்கள். முதலில் வாயைத் திறந்தவன் கொழுந்தன்தான்.

“ஒரு நூல்கண்டுக்கு எங்களை அத்தனை கேள்வி கேப்பீங்களே அண்ணி. உங்களை யார் கேக்கறது?”

“உன் முதலாளியைக் கேளு. போன வருஷமே எழுதிக் கொடுத்தேன்.”

“எப்பவும் அடுத்தவன் மேலதான் தப்பு.”

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அது அவள் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

வீட்டிலும் அதே கதை. ஓரகத்தி சொட்டச் சொட்ட ஈரத்துணியைக் கொண்டுவந்து, இவள் காயப்போட்ட துணிக்கு மேலேயே போட்டாள். கணவன், “நீ கொஞ்சம் தணிஞ்சு போயேன்” என்றான். “தணிஞ்சு போனா ஜிப் வந்துடுமா?” என்று அவள் எரிந்து விழுந்தாள்.

வைராக்கியம்தான் அவளை மறுநாள் ஆளில்லாத தையல் கூடத்துக்குள் இழுத்துப் போனது. மிச்சத் துணியில் ஒரு மூடி வெட்டி, குவியலிலிருந்து எடுத்த ஒரு பையின் வாயில் வைத்துத் தைத்தாள். உள்ளூரில் கிடைத்த பிளாஸ்டிக் கொக்கியை வாரில் மாட்டினாள். விரலில் இரண்டு இடத்தில் ஊசி ஏறியது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்த மொத்த வியாபாரியிடம் போய் நின்றாள்.

“தையல் கோணலா இருக்கேம்மா.”

“தைச்சது நான். தைக்கத் தெரிஞ்சவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

அவர் கொக்கியை மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பாதி ஆர்டரை இப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி முதலாளிக்குப் போன் போட்டார்.

முதலாளி போனில் குழைந்தார். அவள் வந்ததும் குதித்தார். “என்னைக் கேக்காம அங்க போக நீ யாரு? நாளைலேருந்து வர வேண்டாம்.” ஆர்டரை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை, அங்கேயே விட்டிருந்த தன் டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு அவள் வெளியேறியபோது, அவர்கள் வாசலில் நுழைந்துகொண்டிருந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொழுந்தன் மட்டும் ஒதுங்கி நின்று, “அண்ணி...” என்று இழுத்தான்.

“கொக்கி வாருக்கு ரெட்டைத் தையல் போடச் சொல்லு. ஒத்தைத் தையல் தாங்காது” என்றாள், நடையை நிறுத்தாமல்.

அன்று சாயங்காலம் அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவள் மறுநாள் இன்டர்வியூவுக்குப் புடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அண்ணி.”

“உன் வேலை உனக்குத் திரும்பக் கிடைச்சுது. என்னுது போச்சு. இதுல பேச என்ன இருக்கு?”

அவன் நின்று பார்த்தான். அவள் புடவையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தாள்.