சொல்லிவிட்டு அடித்த மணி

எண்பதுகளின் பிற்பகுதி. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் கள்ளக்குறிச்சிப் பக்கம் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெள்ளிமலைக்கு பஸ் வரவில்லை. அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு மலைக்கிராமப் பள்ளியில் நான் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். ஊருக்குப் போன தலைமையாசிரியர் கீழேயே மாட்டிக்கொள்ள, முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் நான் ஒருத்திதான்.

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். திடீரென்று கத்துவாள், சிலேட்டை வீசுவாள், பக்கத்தில் இருப்பவர்களைக் கடிப்பாள். அவளைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியருக்குக் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். அவர் வந்ததும் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அன்று சாப்பாட்டு மணியை அடித்துவிட்டு உள்ளே வந்தால் அவள் அலறிக்கொண்டிருந்தாள். பிடிக்கப் போன என் கையைக் கடித்துவிட்டாள். வலியில் ஓங்கி அறைந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அவள் அம்மா. சாமைக் காட்டில் களை எடுத்துவிட்டு, மகளைப் பார்க்க வந்திருந்தார்.

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும் வரை பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்.

"மணி அடிக்கப் போறேன்னு இதுகிட்ட சொன்னீங்களா டீச்சர்?"

"அதை எதுக்கும்மா சொல்லணும்?"

"திடுக்குனு இன்னா நடந்தாலும் இதுக்கு ஆவாது. வூட்ல அம்மிய நவுத்தறதுன்னாகூட சொல்லிட்டுதான் நவுத்துவேன். கையப் புடிச்சா இன்னும் ஜாஸ்தியாவும். சும்மா பக்கத்துல குந்திக்கினு இருந்தா அதுவே அடங்கிடும் டீச்சர்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க கேக்கலீங்களே."

இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி முடித்தவள் நான். கைநாட்டு வைக்கும் அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அன்று மாலையே கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் முதல், மணி அடிக்கும் முன் அவளிடம் போய்ச் சொல்வேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அடிங்க டீச்சர்" என்பாள். அதற்குப் பிறகுதான் அடிப்பேன். எல்லாம் ஒரேயடியாக மாறிவிடவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள், பெரிய இடி இடித்தபோது மறுபடியும் கடித்தாள். நான் கையை ஓங்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரை அவள் எங்கள் பள்ளியில்தான் படித்தாள்.

பனி இறங்கும் அந்த ஓட்டுக் கட்டடமும் "நீங்க கேக்கலீங்களே" என்ற அந்த அம்மாவின் குரலும் இன்னும் என்னோடு இருக்கின்றன. ஓய்வு பெறும் வரை, எந்தப் பிள்ளையைப் பற்றியும் பெற்றவளைக் கேட்காமல் நான் முடிவெடுத்ததில்லை; ஆனால் அன்று அறைந்ததற்கு அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.