பெரியப்பா பேசாமல் உட்கார்ந்த கூட்டம்

என் பெயர் நிர்மலா. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றலில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும்.

பொங்கலூர்ப் பக்கம் நான் பிறந்த ஊரில் எங்கள் முதலாளி சாயப்பட்டறை கட்டப் போகிறார். அதற்கு முன் அதிகாரிகள் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஒரு ஷிப்ட் ஆட்களை அப்படியே வேனில் ஏற்றினார்கள். மேனேஜர் என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார்.

"உம்பட ரேஷன் கார்டு இன்னும் அந்த ஊர்லதான இருக்குது? நீ படிச்சா ஊரே சொன்ன மாதிரி."

மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம். பயம் மட்டும்தான் என்றால் பொய். மைக்கில் பேசப் போகிறோம் என்கிற அற்ப ஆசையும் இருந்தது.

முன்வரிசையில் அய்யாசாமி பெரியப்பா, அப்பாவின் அண்ணன். சாயப்பட்டறை வரும் இடத்துக்கு அடுத்த வேலிதான் அவர் தோட்டம், கிணறு. ஆட்சேபம் சொல்வதற்காக ஒரு பை நிறையக் காகிதத்தோடு வந்திருந்தார். ஊரே அவர் பேச்சைத்தான் நம்பியிருந்தது.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். தலை நிமிராமல் படித்தேன். "நான் இந்த ஊர்ப் பெண். இந்தப் பட்டறையால் எங்கள் கிணறுகளுக்கு எந்தப் பாதிப்பும் வராது." நான் நீச்சல் பழகியதே அவர் கிணற்றில்தான். வேனில் வந்தவர்கள் கை தட்டினார்கள்.

அடுத்துப் பெரியப்பா. பையோடு மைக் முன்னால் போய் நின்றார்.

"எங்க ஊட்டுப் புள்ள சொல்லிப்போட்டுதுங்க. சபையில நான் அதை மறுத்துப் பேசுனா, எங்க புள்ளயப் பொய்க்காரின்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமுங்க. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

பையைத் திறக்காமலே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்காரவும் ஊர்க்காரர் ஒருவரும் எழவில்லை. வேறு யாராவது பேசுகிறீர்களா என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். நான் படித்தது பொய் என்று சொல்ல அரை நிமிடம் போதும். எழுந்திருக்கவில்லை. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அதிகாரி 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் பெரியப்பா கண்ணில் படாமல் வேனுக்கு ஓடினேன். ஜன்னலருகே வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஏங்கண்ணு, இவ்வளவு தூரம் வந்துட்டு ஊட்டுக்கு வராமப் போறயே. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போலாமல்ல?"

"வேன் கெளம்பிருச்சுங்க பெரியப்பா" என்றேன்.

வேன் இன்னும் பத்து நிமிடம் அங்கேயே நின்றது. அவரும் நின்றார்.