கோபுரத்திலிருந்து சொன்ன ஸலாம்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முனாப் நாநாவின் முகத்தை விட அவருடைய குரலைத்தான் எல்லோருக்கும் முதலில் தெரியும். வீடு வீடாக விற்கும் புடவைப் பொட்டணியைத் தோளில் சுமந்து மேல் ரோட்டு வளைவுக்கு வந்ததும், இரண்டு கையையும் வாயில் குவித்து, "நாநா வந்திருக்கேன்..." என்று இழுத்துக் கூப்பிடுவார். கீழே தொழிலாளர் லயத்தில் கதவுகள் திறக்கும். எதிர்மலையும் ஒரு தரம் அதையே சொல்லிவிட்டு அடங்கும்.

அந்த மலைகளில் ஆளைத் தேடும் வழக்கமே அதுதான். மிலார் விறகு பொறுக்கப் போனவரோ மாட்டைத் தேடிப் போனவரோ பொழுதோடு திரும்பாவிட்டால், யாராவது மேட்டில் ஏறிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கிருந்தோ பதில் வரும். முனாப்பின் ஒரே மகன் ஸுஹைரும் சின்ன வயதில் ஓடைப் பக்கம் போய்விட்டால் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "வாறேன் வாப்பா" என்று குரல் முதலில் வரும், ஆள் ஆற அமர வருவான்.

அந்த ஸுஹைர் ஓதிப் படிக்கக் கெய்ரோவுக்குப் போனான். அறுபத்திரண்டாம் ஆண்டு ஒரு கடிதத்தில், நைல் நதித் தீவில் புதிதாகக் கட்டிய கோபுரத்தைப் பற்றி எழுதியிருந்தான். மேலே நின்றால் ஊர் முழுவதும் தெரிகிறது, வாப்பா வந்தால் கூட்டிப்போய்க் காட்டுவேன் என்றான். அடுத்த கடிதத்தை அவனுடைய கூட்டாளி எழுதியிருந்தான். காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான், அன்றைக்கே அடக்கிவிட்டோம் என்று நாலு வரி.

மறு வருடம் முனாப் ஹஜ்ஜுக்குப் போனார். முடித்துக்கொண்டு கெய்ரோவுக்கும் போய்வருவதாக ஏற்பாடு. புறப்படும்போது அவர் மனைவி ஹலீமா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் கபுறடியில நின்னு, உம்மா ஸலாம் சொன்னான்னு சொல்லிட்டு வாங்க. வேற ஒண்ணும் வேணாம்."

கெய்ரோவில் அந்தக் கூட்டாளி இல்லை. படிப்பு முடிந்து தன் நாட்டுக்குப் போய்விட்டான். ஸுஹைரை அடக்கிய மையவாடியோ ஒரு ஊர் அளவு கிடந்தது. ஏழை மாணவர்களை அடக்கும் பக்கத்தில் கல் இல்லை, பெயர் இல்லை. காவல்காரக் கிழவன் முதல் நாள் ஒரு மேட்டைக் காட்டினான், மறுநாள் வேறொன்றைக் காட்டினான். நாலு நாள் அந்தப் புழுதியில் அலைந்தார் முனாப். ஏதோ ஒரு மேட்டருகில் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம், யார் கண்டது? அவருக்கு மனசு வரவில்லை. ஹலீமாவின் ஸலாத்தை முகவரி தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

ஐந்தாம் நாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். அன்று காலை அவர் மகன் எழுதிய கோபுரத்துக்குப் போனார். மின்தூக்கி மேலே கொண்டுபோய் விட்டது. வெள்ளைக்காரர்களும் குடும்பங்களும் ஆற்றையும் பிரமிடுகளையும் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முனாப் கிழக்குப் பக்கம் போய் நின்றார். தூரத்தில் மண் நிறத்தில் மையவாடி தெரிந்தது. பச்சை என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. பிள்ளை அங்கேதான் எங்கேயோ கிடக்கிறான்.

அவர் யோசிக்கவில்லை. கை தானாகவே வாய்க்குப் போயிற்று.

"ஸுஹைர்... உம்மா ஸலாம் சொன்னா..."

ஒரு குழந்தை தாயைக் கட்டிக்கொண்டது. முனாப் வழக்கம்போலக் காதைக் கொடுத்து நின்றார். குரலைத் திருப்பி அனுப்ப அருகில் ஒரு மலை கூட இல்லை. காவலாளி வந்து, திட்டாமல், அவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனான்.

வீட்டுக்கு வந்ததும் ஹலீமா தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"கிட்ட நின்னா?"

ஹஜ்ஜு செய்துவிட்டு வந்த வாயால் பொய் சொல்ல முடியவில்லை அவரால்.

"ஒசரமா ஒரு கோபுரம் இருக்கு. அதுல ஏறிக் கூப்பிட்டுச் சொன்னேன்."

ஹலீமாவும் மலையில் பிறந்தவள்தான். கண்ணில் அகப்பட்ட ஆளை யாரும் மேலே ஏறிக் கூப்பிடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு கேட்டாள்.

"சத்தமாத்தானே கூப்பிட்டீங்க?"

"சத்தமாத்தான் கூப்பிட்டேன் ஹலீமா."