படலில் கட்டிய புல்

கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு மேய்ச்சல் நிலம் பார்க்கும் வேலை செய்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்பியதில்லை. "இங்க காயலும் கடலும் விட்டா வேற எந்தா இருக்கு? புல்லு எவிடே?" என்று மலையாளம் கலந்து கேட்பார் என் கணவர். பக்கத்துத் தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சாயா இறங்காது. எங்கள் சந்தின் மிளகுக் கிடங்குகளுக்கு வெளியே ஆடுகள் அட்டைப்பெட்டியை மென்றுகொண்டு திரியும். அவற்றைக் காட்டி, "அதோ உன் ஆபீஸ்" என்பார்.

என் வேலை உண்மையில் காங்கேயம் பக்கம் இருந்தது. அங்கே கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். ஒரு காட்டில் மாடுகளை விட்டு, மற்றக் காடுகளை மூடிவைத்துப் புல்லை வளரவிட வேண்டும். எதை எப்போது திறக்கலாம் என்று சொல்வதுதான் நான் படித்த படிப்பு. ரயிலேறிப் போய் வாரக்கணக்கில் தங்குவேன். சதுரமான இரும்புச் சட்டம் ஒன்றைப் புல்மேல் போட்டு, அதற்குள் எவ்வளவு புல் தேறும் என்று முதலில் கண்ணால் மதிப்பிட வேண்டும். பிறகு அறுத்து, காயவைத்து, எடை போட வேண்டும். ஆரம்பத்தில் கண் ஒன்று சொல்லும், தராசு ஒன்று சொல்லும். மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கி வாங்கித்தான் என் கண் தராசோடு ஒத்துப்போனது. அதில் எனக்குக் கர்வம் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

அளவு எடுத்து முடித்ததும் அறுத்த புல்லில் ஒரு பிடியை அந்தக் காட்டின் வாசலை மூடும் படலில் கட்டிவிட்டு வருவோம். யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது. ஆள் வந்து பார்த்தாயிற்று, இனி திறக்கலாம் என்று அதற்கு அர்த்தம். குத்தகைக்குக் காடு பிடித்து மாடு மேய்க்கிற அக்கா ஒருவர் அந்தப் புல்லைப் பார்க்காமல் படலைத் தொடமாட்டார். அவசரப்பட்டுத் திறந்து காடு கெட்டால் அடுத்த வருடம் அவருக்குக் குத்தகை கிடைக்காது.

பிறகு எங்கள் நிறுவனம் ட்ரோன் வாங்கியது. அது எடுக்கும் படங்களைப் பார்த்துச் செயற்கை நுண்ணறிவு புல்லின் அளவைச் சொல்லும். நான் வீட்டிலிருந்தபடியே மடிக்கணினியில் அதைச் சரிபார்க்க வேண்டும். அலைச்சல் மிச்சம் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். மேய்ப்பவர்களுக்கு முடிவு கைபேசியில் போய்விடும். ஆனாலும் அந்த அக்கா ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவார். "அம்மணி, படல்ல புல்லக் காணமுங். நீங்க பாத்துட்டீங்களா?" பாத்துட்டேங்க்கா, தொறங்க என்று சொன்ன பிறகுதான் மாடுகள் உள்ளே போகும்.

முதல் பருவத்தில் அந்த இயந்திரம் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. முள்செடியையெல்லாம் புல்லோடு சேர்த்து எண்ணியது. நான் திருத்தத் திருத்த அது தேறியது. அதற்குப் பாடமாகக் கொடுத்த பழைய அளவுகளும் என்னைப் போன்றவர்கள் வெயிலில் குனிந்து எடுத்தவை. போகப் போக, நான் மனதில் நினைக்கிற எண்ணே திரையில் வந்து நிற்கத் தொடங்கியது. திருத்த எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மேலாளர் கூப்பிட்டார். என்னைவிட இளையவர், நல்ல மாதிரிதான். "அக்கா, உங்க திருத்தம் ரொம்பக் கொறைஞ்சிருச்சு. இந்தப் பருவமும் இப்படியே இருந்தா, சரிபார்க்க ஒரு ஆள் எதுக்குன்னு மேல கேப்பாங்க" என்றார். அதாவது, நானும் அதுவும் ஒன்றையே சொன்னால் நான் வேண்டாம். வேறு சொன்னால் நான் தவறு. இதை எந்த முகத்தோடு கேட்டுக்கொள்வது?

கணவரிடம் சொன்னேன். "அப்போ கொஞ்சம் திருத்திக் கொடேன். ரெண்டு படத்துல கொறச்சு எழுதினா ஆகாசமா இடிஞ்சு விழும்? ஜோலி முக்கியமில்லையா?" என்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் அவர் சொன்னதைத்தான் நானும் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் புல் படித்தவளுக்கு வேறென்ன வேலை இருக்கிறது? சுற்றுலாக்காரர்களுக்கு ஏலக்காய் விற்கலாம்.

அடுத்து வந்த படங்களில் ஒன்றைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். நடுவில் ஒற்றை வெள்வேலமரம். அந்த அக்காவின் காடு. கொழுக்கட்டைப்புல் நன்றாகவே விளைந்திருந்தது. திறக்கலாம் என்று இயந்திரம் சொல்லியிருந்தது. நான் அந்த எண்ணை அழித்துவிட்டுக் குறைத்து எழுதினேன். அனுப்பினால் காடு மூடியே கிடக்கும், அவர் விலைக்குச் சோளத்தட்டு வாங்கி மாடுகளுக்குப் போட வேண்டும். என் வேலை இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஜன்னலுக்குக் கீழே ஆடு ஒன்று சணல் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தது, கடைக்காரர் அதை விரட்டிக்கொண்டிருந்தார். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பழைய எண்ணையே திரும்ப எழுதி அனுப்பினேன். என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோரையும் மனதுக்குள் வைதுகொண்டுதான் அனுப்பினேன்.

பருவம் முடிந்ததும் மேலாளர் நன்றி சொன்னார். இயந்திரம் இந்த அளவுக்குத் தேறியதற்கு என் உழைப்புதான் காரணம் என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. இனி இந்தப் படிப்பு படித்து வருகிறவர்கள் எந்தக் காட்டில் குனிந்து கண்ணைப் பழக்குவார்கள் என்று கேட்டேன். என் கணக்கை முடிக்கும் தாள்களை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அவர் கேட்டார்.

அதன்பின் மழை வந்து, புதுப்புல் விளைந்தது எனக்குத் தெரியாது. ஒரு காலையில் அந்த அக்காவின் அழைப்பு வந்தபோதுதான் தெரிந்தது. "அம்மணி, காட்டைத் தொறக்கலாம்னு போன்ல வந்திருக்குது. நீங்க பாத்துட்டீங்களா?"

"இல்லீங்க்கா. இப்ப நான் பாக்கறதில்ல."

"அய்யோ, மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா. வேலை போயிருச்சு."

"அப்ப ஆருங் பாக்கறாங்க?" என்றார்.

"மிசினே பாத்துக்கும். சரியாத்தான் சொல்லும்" என்றேன். பொய் இல்லை, எனக்குத் தெரிந்தவரை அது சரியாகத்தான் சொல்லும்.

"சரிதானுங் அம்மணி. ஆனா தப்பாப் போச்சுன்னா நான் ஆரைப் போய்க் கேக்கறது?"

என்னைக் கேளுங்கள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த முறை அவர் காட்டின் படத்தை நான் பார்த்திருக்கவில்லை. அவர் போனை வைக்காமல் என் வார்த்தைக்காகக் காத்திருந்தார். மூடிய படலுக்கு வெளியே அவருடைய மாடுகள் கத்திக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.